முப்பத்தோராவது உறை

புறாத்தீவில் இறங்கும்போது செருப்பைக் கழற்றக் கூடாது,
செத்த பவளம் காலைக் கிழிக்கும்.
மேலே பாறை இடுக்குகளில்
மாடப்புறாக்களின் எச்சம், சுள்ளி,
இரண்டிரண்டாய் முட்டைகள்.

உதிர்ந்த இறகைக் கிடுக்கியால் எடுத்து
உறையிலிட்டு எண் எழுதுவது என் வேலை.
அடிக்காம்பில் காய்ந்த ஒரு பொட்டு இரத்தம் போதும்
என்றார் கலாநிதி மங்களேஸ்வரி.
ஒன்று முதல் நாற்பது வரை தீவு.
மீதி நாற்பது கோணேசர் மலை.
அங்கே இராவணன் வெட்டுக்கு மேலே
கயிற்றில் தொங்கித்தான் எடுத்தேன்.
தேங்காய் உடைக்க வந்தவர்கள்
‘பெட்டை விழப்போகுது’ என்று கத்தினார்கள்.

இரண்டுக்கும் நடுவே
பதினாறு கிலோமீட்டர்கூட இல்லை.
புறாவுக்குக் கால் மணி நேரம்.
மழை கழுவிவிட்ட நாளில்
மலையில் நின்றால் தீவு தெரியும், மிளகளவு.
எனக்கே தெரிவது
அவற்றுக்குத் தெரியாதா?

ஐப்பசியில் முடிவு வந்தது.
ஓரிடத்தில் தீவுக்கு ஏ, மலைக்கு ஜி.
பிறகு எட்டு எழுத்துத் தள்ளி
தீவுக்கு டி, மலைக்கு சி.
அவ்வளவுதான் வித்தியாசம்.
கடல் மறிக்கவில்லை, ஒருவரும் மறிக்கவில்லை,
பொரித்த இடுக்குக்குப் பக்கத்து இடுக்கிலேயே
சோடி பார்த்துச் சோடி பார்த்து
எத்தனை ஆயிரம் கச்சான் காலமோ.

இது தாயிடமிருந்து மட்டும் இறங்குவது,
தகப்பனுக்கு இதில் பங்கில்லை
என்று நசுறுதீனுக்குச் சொன்னேன்.
வள்ளத்தின் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.
“குடி எண்டு சொல்லுங்கோவன்.”
அக்கரைப்பற்றுக்காரர்.
ஒரு பையும் தூண்டில் பெட்டியுமாக
இறக்கக்கண்டிக்கு, மனைவி வீட்டுக்கு வந்தவர்.
“என்ட பிள்ளையளுக்கு உம்மாட குடி.
உங்கட கடதாசியில நான் இல்லாத ஆள்.”
சிரித்தபடி கயிற்றை இழுத்தார்.
மூன்றாம் இழுப்பில்தான் பற்றியது.

ஆனால் முப்பத்தொன்று.
தீவின் வடக்கில், தாழம்புதருக்குக் கீழே,
மஞ்சள் பூமயிர் உதிராத குஞ்சு.
அதனிடம் மட்டும் பிடுங்க வேண்டியிருந்தது,
மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பிடுங்கினேன்.
அதன் எழுத்து மலையின் எழுத்து.
பறக்காதது பறந்து வந்திருக்க முடியாது.
அப்படியென்றால் தாய் வந்திருக்கிறாள்.
எந்தக் காற்றில், எதை விட்டு,
யாருடைய கூவலுக்கு,
காம்பில் அதெல்லாம் இல்லை.

“உறை மாறியிருக்கும், எடுத்துவிடு” என்றார் மங்களேஸ்வரி.
மாறவில்லை என்றேன்.

மாறியிருக்கலாம்.
கச்சான் எழுந்த அன்று வள்ளத்துக்குள் அலை அடித்தது.
பையில் மலையின் உறைகளும் கிடந்தன.
நாலைந்தில் மை கரைந்து வழிய
ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதினேன்.
மூன்றா, ஏழா?
எழுபத்தொன்றில் பிறகு எழுத்தே வரவில்லை,
ஈரத்தில் பழுதாம்.
இதை நான் எவரிடமும் சொல்லவில்லை,
நசுறுதீன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அறிக்கையில் எழுபத்தெட்டுப் புறாக்கள்.

வைகாசியில் திரும்பப் போனோம்.
“முப்பத்தொண்டு பறந்திட்டுதோ?” என்றார்,
மருமகளின் சுகம் கேட்பது போல.
தாழைக்குக் கீழே கூடு காலி.
மேலே ஒரு கூட்டம் எழும்பியது.
ஒரே சாம்பல், ஒரே கழுத்துப் பச்சை.
தெற்கே கொஞ்ச தூரம் போய்
வளைந்து திரும்பியது.
போனது எத்தனை, வந்தது எத்தனை என்று
எண்ணத் தொடங்கினேன்,
பதினேழில் எஞ்சின் புகை மறைத்தது.